நம்மள மாதிரியேதான் இருக்கறாங்க

என் மச்சான் திருப்பூரில் பனியன் தொழில் செய்கிறார். வியாபார விஷயமாக வியட்நாம் போனவர், வேலை முடிந்த கையோடு அந்த நாட்டின் வடகோடியில் சீன எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஹா ஜியாங் மலைகளையும் பைக்கில் சுற்றிவிட்டு வந்தார். 2025 ஜூலையில் அந்த மாகாணத்தைப் பக்கத்து மாகாணமான துயென் குவாங்கோடு இணைத்துவிட்டார்கள்; ஆனாலும் போகிறவர்கள் எல்லாரும் ஹா ஜியாங் என்றே சொல்கிறார்கள். ஊருக்கு வந்ததும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எங்களுக்குப் படங்களைக் காட்டினார். நிஜமாகவே அற்புதமான படங்கள். மா பி லெங் கணவாய்க்கு அடியில் பாதாளத்தில் நோ குவே ஆறு பச்சையாக ஓடுகிறது. டாங் வான் பீடபூமி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறை இடுக்குகளில் மண்ணைச் சுமந்து வந்து கொட்டி மக்காச்சோளம் ஊன்றியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு ஹ்மாங் இனப் பெண்கள் வருகிறார்கள். நார்ச்செடியைத் தாங்களே உரித்து, நூற்று, நெய்து, அவுரி நீலம் ஏற்றிய பாவாடைகள். லுங் கூ உச்சியில் 54 சதுர மீட்டர் பரப்பில் ஒரு தேசியக் கொடி பறக்கிறது. நாட்டில் 54 இனங்கள் இருக்கின்றன, அந்தக் கணக்கில் தைத்தார்களாம்.

எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு மச்சான் சொன்னார்: "என்னதான் சொல்லுங்க மாப்ள, அங்க மலைச்சனம்னா மலைச்சனமாட்டத் தெரியறாங்க. நம்ம பர்கூர் மலைக்குப் போனா என்ன இருக்குது பாக்கறதுக்கு? நம்மள மாதிரியேதான் இருக்கறாங்க."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர்களும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்து, அடுத்து சாப்பாடு, அப்புறம் நூல் விலை என்று போய்விட்டது. எனக்கு மட்டும் அது தொண்டையில் நின்றுகொண்டது. நான் ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க்காரன். பர்கூர் மலை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும். 'நம்மள மாதிரியே இருக்கறது' அந்த மலையில் ஒரு குடும்பத்துக்கு என்ன விலை வைத்தது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மச்சானிடம் அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலைக்கும் நமக்கும்

வறட்டுப்பள்ளம் அணை தாண்டி ஏற ஆரம்பித்தால் தாமரைக்கரை, அதற்கு அப்புறம் பர்கூர், கடைசியில் கர்கேகண்டி, அதோடு கர்நாடகம். இந்த ஒரே சாலையில் போய்வருகிறவருக்கு எல்லாரும் ஒரே சனமாகத்தான் தெரிவார்கள். ஆனால் இறங்கி நடந்தால் வேறு. பர்கூர் பக்கத்து லிங்காயத்துகள் வீட்டில் பேசுவது கன்னடம். செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும் பர்கூர் மாடு அவர்கள் வளர்த்தெடுத்தது. ஆடி மாதம் எங்கள் குருநாதசாமி கோயில் சந்தைக்கு அந்த மாடு இறங்கி வந்தால்தான் சந்தை களைகட்டும். கொங்காடைப் பக்கம் போனால் சோளகர்கள். அவர்கள் பேச்சு கன்னடத்தோடு உறவுள்ள தனிப் பேச்சு. தேன், கடுக்காய், நெல்லிக்காய், சீமாற்றுப் புல் என்று காடு கொடுப்பதை வைத்துக் காலம் தள்ளுகிறவர்கள். மலையாளிகள் இன்னொரு கூட்டம். கேரளத்துக்காரர்கள் அல்ல, ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், ஜவ்வாது என்று கிழக்கு நோக்கி நீளும் மலைகளில் எல்லாம் இருக்கிற அதே மலையாளிகள். இவர்கள் பேசுவது தமிழ். பேருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள். ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் மலையேறி வந்தார்கள், அவர்கள் வழி நாங்கள் என்று கதை சொல்வார்கள். நம் பக்கத்துக் குலக்கதைகளிலும் தொண்டைமண்டலத்திலிருந்து கிளம்பி வந்தோம் என்றுதானே வருகிறது!

மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இருக்கிற கொடுக்கல் வாங்கல் ரொம்பப் பழையது. காட்டுப் பட்டியில் சேர்ந்த எருவை வண்டி வைத்து வாங்கி வந்துதான் எங்கள் தாத்தா காலத்தில் மஞ்சளுக்குப் போட்டார்கள். சாமியும் பொது. மாட்டுக்கு ஒன்று என்றால் எங்கள் வீட்டில் வாயில் முதலில் வருகிற பெயர் மாதேஸ்வரன். அந்த மாதேஸ்வரன் மலையே 1956 நவம்பர் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது கொள்ளேகால் தாலுகா மைசூர் பக்கம் போனது. கோடு எப்போதும் கீழே இருப்பவர்கள் கிழிப்பது. மலையில் இருப்பவர்களுக்குத் தகவல் பிறகுதான் போய்ச் சேரும்.

ஒரே பையில் இரண்டு தாள்

மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் நண்பர் ஆசிரியராக இருக்கிறார். லீவு கிடைத்தால் அவரைப் பார்க்கப் போவேன். அப்படிப் போன ஒரு முறை, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரம் அது, "வாங்க, ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். கிழக்கே மலையாளிகள் குடியிருக்கும் ஓர் ஊர். ஓட்டு வீடு. வாசலில் ராகி காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். நர்சிங் படிக்க ஆசை. அவர்கள் ஊருக்கு நர்ஸ் வருவது மாதத்தில் சில நாள்தான் என்பதால் அந்த ஆசை வந்ததா என்று கேட்டேன். "இல்லீங்க, எனக்கு அந்த வேலை புடிக்கும்" என்றாள். பளிச்சென்று அவள் சொன்ன அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மலைப்பிள்ளை என்றால் ஊருக்குச் சேவை செய்யத்தான் படிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அவள் அம்மா களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டுக்கொடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட், விண்ணப்பம் போட்ட ரசீதுகள். அதிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துக் கொடுத்தார். அவருடைய சாதிச் சான்றிதழ். மலையாளி, எஸ்.டி. என்று இருந்தது. "இது என்ற சர்டிபிகேட்டுங்க அண்ணா. என்ற பொறந்த ஊரு பாலமலை. எனக்குக் குடுத்தாங்க. என்ற அண்ணன் பிள்ளைகளுக்கும் இருக்குது. இவளுக்கு மட்டும் இல்லைங்கறாங்க." பக்கத்திலேயே மகளின் விண்ணப்பத்துக்கு வந்த பதில் இருந்தது. இந்த மாவட்டத்தில் இந்தச் சமூகத்துக்குப் பழங்குடியினர் சான்றிதழ் தர வழியில்லை என்று மூன்று வரி.

பாலமலை எங்கே இருக்கிறது என்று நம் பக்கத்தவர்களுக்குத் தெரியும். மேட்டூருக்கு மேலே. சித்தேஸ்வரன் கோயிலுக்கு அம்மாபேட்டை, பவானிப் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்களே, அந்த மலை. அது சேலம் மாவட்டம். பர்கூர் மலை ஈரோடு மாவட்டம். பாலமலையில் பிறந்த பெண் பர்கூர் மலையில் வாழ்க்கைப்பட்டால் அவர் பழங்குடியாகவே இருப்பார். ஆனால் சான்றிதழைப் பொதுவாகத் தந்தை வழியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். கணவர் இந்த மலைக்காரர். அதனால் பிள்ளைகள் பழங்குடி இல்லை. அம்மா பழங்குடி, மாமன் மகன் பழங்குடி, மகள் இல்லை. குலம், சாமி, கல்யாணத்தில் செய்கிற சீர் எல்லாம் ஒன்று. நான் அந்தத் தாள்கள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நண்பர்தான் பேச்சை மாற்றி, எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்று பெண்ணிடம் பேசத் தொடங்கினார்.

கோடு வந்த கதை

இது எப்படி வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். பழங்குடிப் பட்டியல் 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது. 1976-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் திருத்தியது. தமிழ்நாட்டுப் பகுதியில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆறு பெயர்கள். அன்றைக்குப் பர்கூர் மலையும், மலையாளிகள் இருக்கிற இன்னொரு மலையான சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூரும் கோயம்புத்தூர் மாவட்டம். கோயம்புத்தூர் அந்த ஆறில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. சேலத்திலிருந்து 1997-ல் நாமக்கல் பிரிந்தது. கொல்லிமலை நாமக்கல்லுக்குப் போனது. கொல்லிமலை மலையாளிகள் பழங்குடியாகவே இருக்கிறார்கள், ஏனென்றால் தாய் மாவட்டம் பட்டியலில் இருந்தது. 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபோதும், 2019-ல் கள்ளக்குறிச்சியும் திருப்பத்தூரும் வந்தபோதும் அப்படியே. அது சரியான ஏற்பாடு, அவர்களுக்கு எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து 1979-ல் பெரியார் மாவட்டம் பிரிந்து பிறகு ஈரோடு என்று பெயர் மாறியது. தாய் மாவட்டம் பட்டியலில் இல்லை. ஆகவே பிள்ளை மாவட்டமும் இல்லை. கொங்கு நாட்டுக்குள்ளேயே, கொல்லிமலையில் ஒரு சட்டம், பர்கூர் மலையில் ஒரு சட்டம். ஊர்கள் பல தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

இதை மாற்றக் கேட்டு பர்கூரிலும் கடம்பூரிலும் பல வருடமாகப் போராட்டம், மனு, தேர்தல் வாக்குறுதி எல்லாம் நடந்துகொண்டிருக்கின்றன. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளர் ஒப்ப வேண்டும், பழங்குடியினர் ஆணையம் ஒப்ப வேண்டும், நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். முடியாத காரியம் இல்லை. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைச் சேர்க்கும் மசோதாவுக்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது.

பழங்குடி என்று யாரைச் சொல்வது என்பதற்கு 1965-ல் லோக்கூர் குழு ஐந்து அடையாளங்களைச் சொன்னது. தொன்மையான பழக்கங்களின் சாயல், தனித்த பண்பாடு, ஒதுங்கிய இருப்பிடம், வெளியாரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. இன்றும் இவற்றை வைத்துத்தான் அளக்கிறார்கள். படித்தபோது எனக்கு மச்சானின் குரல்தான் கேட்டது. ஓர் அரசுக் குழுவும், ஹா ஜியாங்கில் பைக் ஓட்டிவிட்டு வந்த திருப்பூர்க்காரரும் மலைச்சனத்திடம் எதிர்பார்ப்பது கிட்டத்தட்ட ஒன்றே. பார்த்தவுடன் வேறாகத் தெரிய வேண்டும். அந்தப் பெண் கூச்சப்படவில்லை. வாங்க என்று கூப்பிட்டு, நேராக முகத்தைப் பார்த்து, எனக்கு அந்த வேலை பிடிக்கும் என்று சொன்னாள். அது அவளுக்கு எதிரான சாட்சியாக எப்படி ஆகலாம்? வியட்நாமின் 54 இனங்கள் என்பதும் 1979-ல் அந்த நாட்டு அரசு போட்ட ஒரு பட்டியல்தான். அங்கும் பட்டியல் போட்ட கைகள் யாரை யாரோடு சேர்த்தன என்று கொடியைப் பார்த்தால் தெரியாது.

காட்டில் கால் வைக்க

சான்றிதழ் என்றால் கல்லூரி இடம், உதவித்தொகை என்று மட்டும் நாம் நினைக்கிறோம். மலையில் அது நிலத்தையும் மாட்டையும் தொடுகிறது. 2006 வன உரிமைச் சட்டத்தில், பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் குடியிருந்தார் என்று காட்டினால் போதும். பழங்குடி அல்லாதவர் என்றால் அந்தத் தேதிக்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம் இருந்ததைக் காட்ட வேண்டும். அவ்வளவு காலத்துக்கு முன்னால் ஓலைக் குடிசையில் இருந்தவர் எந்தத் தாளை வைத்திருப்பார்? ஒரே மலையில், ஒரே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு இரண்டு விதமான நிரூபணம்.

மேய்ச்சல் அடுத்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அந்தத் தடையை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்தியது. பர்கூர் அப்போது சரணாலயம் இல்லை, மூச்சு விட்டார்கள். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டக் காடுகளில் 80,000 ஹெக்டேருக்கு மேல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அரசு மக்களின் உரிமைகளுக்குப் பாதிப்பு வராது என்று சொல்லியிருக்கிறது. மலையில் பயம் போகவில்லை. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீழே எங்கள் கிணற்றில் தண்ணீர் நிற்பதே அந்தக் காட்டால். ஆனால் காட்டுப் பட்டியில் வளர்ந்த மாட்டைக் கொட்டகையில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்கச் சொன்னால் அந்த இனமே நிலைக்காது. உரிமை கேட்டு நிற்கிற இடத்தில் கையில் சான்றிதழ் இருப்பவரின் குரலுக்கும் இல்லாதவரின் குரலுக்கும் எடை வேறு.

சோளகர் சொன்னது

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் மலையாளிகளின் கோரிக்கையைப் பற்றி ஒரு சோளகர் பெரியவரிடம் பேசினேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஒரு சதவீதம் இருக்குதுங்க சாமி. எங்க பசங்க இப்பத்தான் பன்னெண்டாவது தாண்டறாங்க. அவங்களுக்குப் பூமி இருக்குது, படிச்சவங்க இருக்கறாங்க. அவங்களும் வந்துட்டா எங்க பசங்க எங்க போறது?"

இதைச் சுயநலம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடிகளுக்கு ஒரே ஒரு சதவீதம். பட்டியலில் இருக்கிற சமூகங்களில் எண்ணிக்கையில் மிகப் பெரியது மலையாளிகள்தான். சோளகர்களோ வீரப்பன் தேடுதல் காலத்தில் இரண்டு பக்கமும் அடி வாங்கிய சனம். அந்தக் காலத்து அத்துமீறல்களுக்காக தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அதைப் பார்க்காமலே போனவர்கள் உண்டு. குறிப்பாக நலிந்த பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்களுக்குத் தனிக் கவனம் இருக்கிறது. அதிலும் சோளகர் பெயர் இல்லை.

ஆக, பெரியவரின் பயம் நியாயம். அந்தப் பெண்ணின் கோரிக்கையும் நியாயம். ரொம்ப நாள் யோசித்த பிறகும் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு சதவீதம் என்ற சின்னத் தட்டைக் காட்டி மலையில் இருக்கிற இரண்டு சனத்தை ஒருவருக்கொருவர் எதிரில் நிறுத்துவதை ஒப்புக்கொள்ளக் கூடாது. அடைப்புக்குறிக்குள் ஈரோடும் வர வேண்டும். பங்கும் பெருக வேண்டும். அதற்குள் சோளகர், ஊராளி மாதிரிச் சிறு சமூகங்களுக்கு முன்னுரிமை எழுதி வைக்க வேண்டும். இதில் ஒன்றை மட்டும் செய்தால் மற்றவருக்கு அநியாயம். கீழே இருக்கிற நாம் இதைக் கேட்டால் அரசியல் கட்சிகளுக்குக் காது கேட்கும் என்று நம்புகிறேன். அந்தியூர், பவானிசாகர் தொகுதிகளில் மலை ஓட்டு மட்டும் ஜெயிக்க வைக்காது. கீழ்நாட்டு ஓட்டும் சேர்ந்தால்தான்.

மச்சானுக்கு இதையெல்லாம் பிறகு போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த வாட்டி போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்றார். கூட்டிக்கொண்டு போவேன். சோளகர் வீட்டு விசேஷத்தில் பீனாசி ஊதினால் நின்று கேட்கலாம், கேட்க வேண்டும். அதோடு ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து, பாலமலைக்கும் இங்கேயும் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு குடும்பத்தின் வழியைச் சொல்லக் கேட்கவும் வேண்டும். அதைப் படம் எடுக்க முடியாது.

அந்தப் பெண் இப்போது வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். முதல் வருடக் கட்டணத்துக்கு ஆடிச் சந்தையில் ஒரு ஜோடி மாட்டை விற்றார்கள். அடுத்த வருடத்துக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறார்கள். பாலமலையில் இருக்கும் மாமன் மகன் இந்த வருடம் எஸ்.டி. ஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அவனைக் கொண்டுபோய் விடத் துணைக்குப் போனவர் இவளுடைய அப்பாதான். இவளுக்கு ஒரு தம்பி, ஒன்பதாவது படிக்கிறான். பத்தாவது முடிந்ததும் அவனுக்கும் விண்ணப்பம் போடப் போகிறார்கள். எந்தெந்தத் தாளை இணைக்க வேண்டும் என்று அவன் அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். பாலமலைச் சான்றிதழின் நகலையும் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.